வெள்ளை அட்டையில் ஒரு தேதி

வதந்தி எனக்குக் கிடைத்தது அருங்காட்சியகத்தின் தேநீர் மேசையில். வெற்று அட்டைகளின் நாற்பதாம் ஆண்டுக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு பேராசிரியர், ஒன்றுமே எழுதாத அட்டைகளைப் பற்றி ஒன்றரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார். தாங்க முடியாதவர்கள் பிஸ்கட் பக்கம் ஒதுங்கிவிட்டோம். அங்கே ஒருவர், வாயில் பிஸ்கட்டோடு ஆரம்பித்தார்.

"விஷயம் தெரியுமா? அட்டைங்க நடுவுல இருக்கே வட்ட முத்திரை, அது கவிஞருங்க யோசனையே இல்லையாம். தபால் ஆபீஸ்ல ஒரு அம்மா வேணும்னே குத்தினதாம். அதுக்காக வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களாம். பைத்தியம் பிடிச்சுச் செத்தே போச்சாம், பாவம்."

நான் யார் என்று அவருக்குத் தெரியாது. அந்த முத்திரைக்கு நாற்பது வருஷமாக விளக்கம் சொல்லிப் பிழைக்கிறவன் நான். அதோடு, அவர் சொன்ன அம்மாவை எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கு நான் ஒரு பொருள் திருப்பித் தரவேண்டும். கொடுத்தவர் செத்துவிட்டார் என்று கேட்டால் மனசில் முதலில் வருவது துக்கம் இல்லை. அதை ஒப்புக்கொண்டால்தான் மேலே எழுத எனக்குக் கை வரும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. போரின் மூன்றாவது வருஷம். நாங்கள் ஆறு பேர், எல்லாருக்கும் இருபதைச் சுற்றி வயது. சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே ஓர் அறை. பஞ்சர் ஒட்டும் பசையின் வாசனை பலகைத் தரை வழியாக ஏறி வரும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை பட்டால் எனக்குப் புரட்சி ஞாபகம்தான் வருகிறது. எங்கள் கவிதைகளில் எழுத்துகள் தலைகீழாக நிற்கும், படிக்கட்டு இறங்கும், சில சமயம் பக்கத்தை விட்டே குதித்துவிடும். வீட்டில் படித்துக் காட்டினால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார்கள்.

குழுவில் முதலில் தாடி முளைத்தவனுக்குத் தாடி என்றே பெயர்; அந்தத் தகுதியில் அவனே தலைவன். "வீரம், தியாகம், மண், ரத்தம்னு நல்ல வார்த்தையெல்லாம் போர் அமைச்சகமே எடுத்துக்கிச்சு. நமக்கு ஒண்ணு மிச்சமில்ல. வார்த்தையே இல்லாம எழுதுவோம்" என்றான். அச்சகத்தில் வெட்டிப்போட்ட தடித்த வெள்ளை அட்டைகளை வாங்கினோம். ஒரு பக்கம் அமைச்சகத்தின் முகவரியும் தபால்தலையும். மறுபக்கம் வெறுமை. நாளுக்குப் பத்து வீதம் முப்பத்தொரு நாள். முகவரி எழுதியது நான். கவிதை சுமார், கையெழுத்து பிரமாதம் என்று எனக்கு அப்போதே பெயர்.

ஒரு மாதம் கழித்து ஒரு சாக்கு மூட்டையில் அட்டைகள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் வெற்றுப் பக்கத்தின் சரி நடுவில், தேதியோடு ஒரு தபால் முத்திரை. அறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டித் துணி காயப்போடுகிற மாதிரி மாட்டினோம். ஊரே படியேறி வந்தது. 'வெண்மையின் நெஞ்சில் பாய்ந்த அரசின் தோட்டா' என்று நான் கட்டுரை எழுதினேன். திரும்பி வராத மீதி அட்டைகள் ரகசியக் கோப்பில் இருப்பதாகவும் எழுதினேன். பாடப் புத்தகம் வரைக்கும் போய்விட்டது.

அதற்கப்புறம் நாற்பது வருஷம். வதந்தியைச் சரிபார்க்கப் பழைய தபால் ஆபீசுக்குப் போனேன். ஓய்வூதிய ஜன்னலில் இருந்த எழுத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"செத்துட்டாங்களா? போன ஒண்ணாம் தேதி என்கிட்ட சண்டை போட்டுட்டுப் போனாங்களே. முத்திரையில மை வெளுத்திருக்காம். தேதி தெரியற மாதிரி குத்தத் தெரியாதவனுக்கு எதுக்கு நாற்காலின்னு கேட்டாங்க."

ஆள் அவர்தான். சந்தேகமே இல்லை.

மூன்றாம் மாடி. லிஃப்ட் ஓடவில்லை. கதவைத் திறந்தவர் வெள்ளைத் தலையும் பெரிய மணிக்கட்டுமாக நின்றார். என்னைப் பார்த்த உடனே, நேற்றுத்தான் பேசிவிட்டுப் போனது போலக் கேட்டார்: "வாங்க கவிஞரே. திங்கட்கிழமை வந்துருச்சா?"

அந்தக் காலத்தில் எங்கள் குழுவில் அவரை முத்திரையக்கா என்போம். அவருடைய அப்பா அதே ஆபீசில் தபால் பிரித்தவர். அவர் திடீரென்று போனதும், பத்தொன்பது வயதில் மகளுக்கு அந்த வேலை. அம்மா ஏற்கெனவே இல்லை. வீட்டில் மிச்சம் பதின்மூன்று வயதுத் தம்பி. காலையில் முதல் வேலை, சின்ன இடுக்கியால் நேற்றைய தேதியை முத்திரையிலிருந்து பிடுங்கி இன்றைய தேதியைப் பொருத்துவது. நோட்டில் ஒரு குத்து குத்திப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். பிறகு மையில் ஒன்று, தபாலில் ஒன்று, மையில் ஒன்று, தபாலில் ஒன்று. நிமிஷத்துக்கு அறுபது. தெருவில் போகிறவர்களுக்கே அந்தச் சத்தம் கேட்கும். இரண்டு நிமிஷம் நின்றால் யாரோ செத்துவிட்டார்களா என்று எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்ப்பாராம்.

"கை தானா போகும். கண்ணு பின்னாடி வரும்" என்றார். "தம்பிக்கு இருபது முடிஞ்சுது. படைக்கு ஆள் எடுக்கிற கடிதம் கட்டுக் கட்டா வந்துச்சு, எல்லாம் ஒரே மாதிரி உறை. நடுவுல என் வீட்டு விலாசம். கை நிக்கல. குத்தின அப்புறம்தான் படிச்சேன்."

டீ ஊற்றினார். பேச்சு நிற்கவில்லை.

"போனவன் வாரம் ஒண்ணு எழுதுவான். தேதி போட்டிருப்பான், தணிக்கையில கத்தி வச்சு அதை மட்டும் வெட்டிடுவாங்க. எழுதினப்ப உயிரோட இருந்தான்னு தெரியும். என்னைக்கு எழுதினான்னு தெரியாது. என் நிலைமையைப் பாருங்க. ஊருக்கெல்லாம் தேதி போடறவ நான்."

பிறகு கடிதமே நின்றுவிட்டது. ஒரு வாரம், மூன்று வாரம், எட்டு வாரம். அந்தச் சமயத்தில்தான் எங்கள் அட்டைகள் அவர் மேசைக்கு வந்து சேர்ந்தன.

"முதல் நாள் எல்லாரும் சிரிச்சோம். எந்தப் பயலுக்கோ மூளை கலங்கிடுச்சுன்னு தம்பிக்குக்கூட எழுதிப் போட்டேன், அவனுக்குப் போய்ச் சேருதோ இல்லையோன்னு. நாலாம் நாள் எனக்குச் சிரிப்பு வரல. அமைச்சகத்துக்குச் சொல்ல எனக்கும் ஒண்ணு இருந்துச்சு. எப்படி எழுதறதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன். இது சரியா இருந்துச்சு."

"அதான் நடுவுல குத்தினீங்களாக்கா?" என்றேன், நோட்டுப் புத்தகத்தை எடுத்தபடி. தோட்டா உவமைக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று ஒரு நப்பாசை.

"அதை உள்ள வைங்க. பத்து நாள் போச்சு. தபால் பையை வாங்கிப் போக அமைச்சகத்துல இருந்து ஒரு கடைநிலை ஊழியர் வருவார். அவர் சொன்னார், 'நல்ல அட்டைம்மா, தடியா இருக்கு. காகிதத் தட்டுப்பாட்டுக் காலத்துல எந்தப் புண்ணியவானோ அனுப்பறான். மேல எல்லாரும் பங்கு போட்டுக்கறாங்க. ஆள் எடுக்கிற பிரிவுல பேர் எழுதி அடுக்கிவைக்க ரொம்ப வசதியாம்.'"

டம்ளரைக் கீழே வைத்துக் கணக்குப் போட்டேன். நூறு அட்டைகள். ரகசியக் கோப்பில் இருப்பதாக நான் எழுதினேனே, அது ஒரு வகையில் உண்மைதான். கோப்புதான். ஒவ்வொரு அட்டையிலும் ஏதோ ஒரு வீட்டுப் பையனின் பெயர்.

"அன்னைக்கு மத்தியானத்துல இருந்து ரெண்டு பக்கமும் குத்தினேன். நடுவுல குத்தினா அதுல பேர் எழுத இடம் இருக்காது பாருங்க. இவ்வளவுதான் விஷயம். தோட்டாவாம், நெஞ்சாம்." கட்டுரையைப் படித்திருக்கிறார்.

அமைச்சகம் சும்மா விடுமா? அட்டைகளைப் பயன்படுத்த முடியாதபடி கெடுத்தது ஏன் என்று விளக்கம் கேட்டு, சாட்சிக்கு மூட்டையையே திருப்பி அனுப்பியது. எழுத்தில்லாத பக்கத்தில் முத்திரை குத்தக்கூடாது என்று எந்த விதியும் இல்லை என்று இவர் பதில் எழுதினார். விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். உண்மையிலேயே இல்லை. அதனால் வேலை போகவில்லை. பார்சல் பிரிவுக்கு மாற்றினார்கள். முப்பத்துநாலு வருஷம் அங்கேதான்.

"மூட்டை தூக்கித் தோள் போச்சு. ஆனா அங்க ஜன்னல் பெருசு, காத்து வரும்" என்றவர், தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "காலையில தேதி மாத்தறது மட்டும் போச்சு. அது எனக்குப் பிடிக்கும்."

தினமும் அட்டைக் கட்டோடு வந்த என்னை அடையாளம் வைத்திருந்து, மூட்டையை என்னிடம் கொடுத்ததும் அவர்தான். எங்கள் அறையில் அட்டைகள் கயிற்றில் தொங்கியபோது ஒரு சனிக்கிழமை மத்தியானம் பார்க்க வந்தார். கைக்குட்டையில் சுற்றிய ஓர் அட்டையை நீட்டினார். அதுவும் வெற்று அட்டைதான், நடுவில் முத்திரை. "இதையும் மாட்டுங்க. ஒத்தையா கிடக்குது, கூட்டத்தோட ரெண்டு நாள் இருக்கட்டும்" என்றார். முத்திரையைப் பார்த்து எங்களுடையது போலவே இருக்கிறதே என்று மாட்டினேன். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. "திங்கட்கிழமை நானே கொண்டுவந்து தரேன்கா" என்றேன். ஞாயிற்றுக்கிழமை போலீஸ் வந்து கயிற்றோடு வாரிக்கொண்டு போனது. பத்து வருஷம் கழித்து ஆட்சி மாறி, அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தபோது கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். அருங்காட்சியகத்துக்கு மொத்தமாக அள்ளிக் கொடுத்ததும் நான். ஒன்றை மட்டும் தேடி உருவியிருக்கலாம். புகைப்படக்காரர் காத்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்குள் இப்போது இருப்பவை இருநூற்றுப் பதினொன்று. நாளுக்குப் பத்தாக அனுப்பிய கணக்கில் அந்த ஒன்று எங்கிருந்து முளைத்தது என்று எந்த ஆய்வாளரும் கேட்டதில்லை. எனக்குத் தெரியும். நானும் சொன்னதில்லை.

பையிலிருந்து கண்காட்சிப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அட்டைப்படத்தில் ஒரே ஓர் அட்டை, பெரிதாக்கப்பட்டது. இருப்பதிலேயே முத்திரை தெளிவாக விழுந்த அட்டை அது. பேராசிரியர் அன்றைக்கு ஒன்றரை மணி நேரத்தில் பாதியை அதற்கே ஒதுக்கியிருந்தார். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம் விரலை அந்தத் தேதியின் மேல் வைத்தார். ஒன்பதாம் தேதி.

"இது உங்களோடது இல்ல கவிஞரே."

"தெரியுதுக்கா."

"பதினோரு வாரம் கழிச்சுப் போர்முனைத் தபால்ல வந்துச்சு. ஒரு பக்கம் பென்சில்ல என் விலாசம், அவன் எழுத்து. மறுபக்கம் ஒண்ணுமே இல்ல. வெட்டறதுக்கு அவனுங்களுக்குத் தேதி கிடையாது. தேதியை நான் போட்டேன். மத்ததையெல்லாம் வேலைன்னு குத்தினேன், இதை அழுத்திக் குத்தினேன். மேசையே ஆடுச்சு."

உள்ளறையிலிருந்து ஓர் ஆள் செருப்பை இழுத்துக்கொண்டு வந்தார். வழுக்கைத் தலை, சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர். தம்பி. போர் முடிந்து அடுத்த வருஷம் திரும்பியவர்; லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றிருந்தார்.

"இடது காது கேக்காது" என்றார் அக்கா. "ரொம்ப வசதியான காது. நான் திட்டினா அதைத்தான் காட்டுவான். டேய், உன்னோட அட்டையைப் பாரு, புத்தகத்துல போட்டிருக்காங்க."

அவர் பார்த்தார். "நல்லா அச்சடிச்சிருக்கான்" என்றார்.

அக்காவின் கடிதம் கிடைத்து, எங்கள் அட்டைகளைப் பற்றித் தெரிந்து, அதனால்தானே வெற்று அட்டை அனுப்பினீர்கள் என்று கேட்டேன்.

"எந்தக் கடிதம்? ஒண்ணும் வரல. விலாசம் எழுதி முடிச்சேன், பென்சில் முனை உடைஞ்சு போச்சு."

"பக்கத்துல யார்கிட்டயாவது வாங்கியிருக்கலாமே."

"பக்கத்துல யாரும் இல்ல" என்றார். டம்ளரை எடுத்தார், ஒரு வாய் குடித்தார், சர்க்கரை போதவில்லை என்றார்.

கிளம்பும்போது அக்கா வாசல் வரைக்கும் வந்தார். "அவன் வந்துட்டான். அட்டை இன்னும் வரலையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

மறுநாளே அருங்காட்சியகத்துக்குப் போனேன். காப்பாளர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பின்பக்கத்து விலாசம் பொருந்தினால் திருப்பித் தருவதில் தடையில்லை, ஆனால் படைப்பாளர் கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டும் என்றார். வாங்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன்.

தம்பி ஒவ்வொரு வரியாகப் படித்தார். "படைப்பாளர்னா யாரு?"

"அதை எழுதினவர்."

"நான் ஒண்ணும் எழுதலையே. அதானே விஷயமே. எழுதாததுக்கு எப்படிக் கையெழுத்துப் போடறது?"

அக்காவைப் பார்த்தேன். "என்னைப் பாக்காதீங்க" என்றார். "நான் குத்தினது ஆபீஸ் முத்திரை. அதுக்குச் சம்பளம் வாங்கியாச்சு."

கையெழுத்துப் போடத் துடிக்கிற ஒரே ஆள் நான்தான். நாற்பது வருஷமாகப் போட்டுத்தான் வருகிறேன்.

இப்போது திங்கட்கிழமைதோறும் போகிறேன். போன வாரமும் போனேன். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. கேட்டால், கூலி தராத கட்டடத்துக்குத் தம்பி கை வைக்கமாட்டாராம். படிவம் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் அப்படியே இருக்கிறது. எல்லாக் கட்டமும் காலி. தேதிக்கான கட்டத்தில் மட்டும் அக்கா அந்த ஒன்பதாம் தேதியை, வருஷத்தோடு, பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

"கொண்டுவந்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்லக்கா."

"சரி, உக்காருங்க. டீ ஆறுது."