பெண் கொடுக்காத ஊர் என்று ஒரு வரி

இணையக் கலைக்களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிறார்கள். எழுதினது காபி ஆறுவதற்குள் காணாமல் போகும் என்பதைச் சேர்ந்த பிறகுதான் சொல்கிறார்கள். ஆபீஸ் கிடையாது, அதிகாரி கிடையாது, சம்பளம் கிடையாது. விதிகள் மட்டும் உண்டு. அதுவும் எம்புட்டு! 'தொகு' என்ற பொத்தானை ஆசையாக அமுக்கிவிட்டு முழித்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அமுக்காதவர்கள் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

மதினியின் போன்

நான் இருப்பது ராஜபாளையம். பிறந்தது சுந்தரபாண்டியம் பக்கம் ஒரு சின்ன ஊர். பெயர் சொல்ல மாட்டேன், பட்டது போதும். அங்கே அண்ணனும் மதினியும் விவசாயம் பார்க்கிறார்கள். அவர்கள் மகன் முருகேசன் இங்கே ஒரு நூல் மில்லில் எலெக்ட்ரீஷியன். வயது முப்பத்திமூன்று. இரண்டு இடம் தட்டிப் போய், மூன்றாவதாக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நர்ஸ் பெண் அமைந்தது. பெண்ணுக்குப் பிடித்துவிட்டது. இவனுக்கு போட்டோ பார்த்தபோதே பிடித்துவிட்டது. வீடு பார்க்க வரவேண்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், பெண்ணின் அப்பா "அடுத்த மாசம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் என்றால் என்ன அர்த்தம் என்பது பெண் தேடின வீடுகளுக்குத் தெரியும்.

அவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். எதையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாத மனிதர். எங்கள் ஊரை இணையத்தில் தேடியிருக்கிறார். மொத்தமே ஆறு வரிக் கட்டுரை. ஐந்தாவது வரி இது: 'கடும் குடிநீர்ப் பஞ்சம் காரணமாக இவ்வூருக்கு வெளியூரார் பெண் கொடுப்பதில்லை.' இதைப் படித்துவிட்டு எந்தத் தகப்பன் வண்டி ஏறுவான்? மதினி போனில் அழவில்லை. உத்தரவு போட்டார். "ஏட்டி, நீ கான்வென்ட்டுல படிச்சவதான? அந்த வரிய அழிச்சுப்போட்டுப் பொறவு சாப்புடு."

மூன்று தடவை

அழிப்பது சுலபம். பென்சில் படத்தைத் தொட்டேன், கணக்குத் திறக்கச் சொன்னது, திறந்தேன், வரியை அழித்தேன், சேமித்தேன். கீழே 'என்ன செய்தீர்கள் என்று சுருக்கமாகக் கூறுங்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. நான் என் வீட்டிலேயே யாருக்கும் காரணம் சொல்வதில்லை. காலியாக விட்டேன். குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது போய்ப் பார்த்தேன், வரி பழைய இடத்தில் இருந்தது. மறுபடி அழித்தேன். மறுபடி வந்தது. இப்படி மூன்று தடவை.

திரும்பப் போட்டவர் பெயர் வெட்டிவேர். இது புனைபெயர்தான் என்று நம்புகிறேன். எனக்கென்று ஒரு பேச்சுப் பக்கம் இருப்பதே அவர் அங்கே எழுதிய பிறகுதான் தெரிந்தது. 'அன்புள்ள பயனரே, காரணம் கூறாமல் உள்ளடக்கத்தை நீக்குவது விஷமத்தனமாகக் கருதப்படும். ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் கணக்கு முடக்கப்படும்.' நாற்பது பேர் சொந்தம் உள்ள குடும்பத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவளை ஒரு வெட்டிவேர் விஷமி என்கிறது! வீட்டுக்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்று முழுவதையும் படித்தார். "எம்புட்டு சொன்னாலும் கேக்காத ஆளு உலகத்துல நீ ஒருத்திதான்னு நெனச்சேன். ஒனக்கும் ஒரு ஜோடி கெடச்சிருச்சு."

நான் குடித்த தண்ணீர் செல்லாது

சரி, காரணம்தானே வேண்டும் என்று கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் போய் எழுதினேன். 'நான் அந்த ஊரில் பிறந்தவள். கல்யாணம் ஆகும்வரை அந்தத் தண்ணீரைத்தான் குடித்தேன். இப்போது வீட்டுக்கு வீடு குழாயில் வருகிறது. என் மதினியே வெளியூர்தான், கான்சாபுரத்திலிருந்து வந்தவர். ஆகவே வரி பொய்.' இதைவிடத் தெளிவாக எந்த வக்கீல் எழுதுவான்?

வெட்டிவேர் அரை மணி நேரத்தில் பதில் போட்டார். நம் சொந்த அனுபவம் சான்று ஆகாதாம். அச்சிலோ இணையத்திலோ வெளியான, நம்பத்தகுந்த ஒன்று வேண்டுமாம். அந்த ஐந்தாவது வரிக்கு ஒரு நாளிதழ்ச் செய்தி அடிக்குறிப்பாக இருக்கிறதாம், எனக்கு எதுவும் இல்லையாம். அடிக்குறிப்பைத் தொட்டேன், 'பக்கம் கிடைக்கவில்லை' என்று வந்தது. கிடைக்காத பக்கத்துக்கு இருக்கிற மரியாதை உயிரோடு இருக்கிற எனக்கு இல்லை. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: 'நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் உண்மை என்பதால் மட்டும் இங்கே எழுத முடியாது.'

ஆள் திரட்டியது

அந்த வாரம் கொழுந்தன் மகள் சடங்குக்கு வந்த சொந்தக்காரர்கள், சாப்பாடு முடிந்து என் வீட்டு ஹாலில் ஃபேனுக்குக் கீழே வரிசையாகச் சாய்ந்திருந்தார்கள். எங்கள் பக்கம் பஞ்சாயத்து என்றால் தனியாகப் போகிற வழக்கம் கிடையாது. நியாயம் இருக்கிறதோ இல்லையோ, பின்னால் பத்துப் பேர் நிற்க வேண்டும். ஆளுக்கொரு போனை எடுக்கச் சொன்னேன். என் வீட்டு வைஃபையில் ஆறு பேர் கணக்குத் திறந்தார்கள். ஏழாவது ஆளுக்கு, இன்றைக்கு இந்த இணைப்பில் இதற்கு மேல் கணக்குத் திறக்க முடியாது என்று வந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

என்ன எழுதுவது என்று வாட்ஸப்பில் ஒரு வாசகம் அனுப்பினேன். ஐந்து பேர் ஒழுங்காகப் போட்டார்கள். சித்தப்பா நான் அனுப்பியதை மேலிருந்து கீழ்வரை அப்படியே ஒட்டிவிட்டார்: 'சித்தப்பா, கீழே உள்ளதை மட்டும் காப்பி பண்ணிப் போடுங்க, மேலே உள்ளதைப் போட்றாதீங்க. இவ்வூரில் குடிநீர்ப் பஞ்சம் இல்லை. வரியை நீக்குக.' சாயங்காலத்துக்குள் ஏழு கணக்குக்கும் பூட்டு. ஒரே ஆள் பல பெயரில் எழுதுவதற்குக் கைப்பாவைக் கணக்கு என்று பெயராம். எனக்கு ஒரு வாரத் தடை. ஒரு வாரம் போனால் போஸ்ட்மாஸ்டர் சொன்ன அடுத்த மாதத்துக்கு மிச்சம் பத்தே நாள். சித்தப்பா தன் தடை அறிவிப்பை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். "ஏம்மா, எனக்கு வயசு எழுபத்தொண்ணு. பாவைன்னு போட்டுருக்கான் பாரு."

தடைக்காலத்தில் வந்த நாய்க்காரர்

நான் 'நெட்டில் எழுதுகிறேன்' என்பது தெருவில் பரவிவிட்டது. நான்கு வீடு தள்ளி இருக்கிற ராஜூ ராஜபாளையம் நாய்க்குட்டி வளர்த்து விற்கிறவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். வந்து உட்கார்ந்தார். களஞ்சியத்தில் ராஜபாளையம் நாய் பற்றிய கட்டுரையில் அவருடைய போன் நம்பரைப் போட வேண்டுமாம். விளம்பரம் கூடாது என்றேன். பெயரை மட்டும் போடச் சொன்னார். கூடாது என்றேன். அவர் நாயின் படம்? நீங்களே எடுத்ததாக இருந்தால் போடலாம், அதையும் இப்போது என்னால் போட முடியாது, எனக்குத் தடை என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "ஏமி அக்கா இது! எழுதவும் கூடாது, எழுதினாலும் நிக்காது. இதுக்கா காலைல இருந்து கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

பச்சைக் குடம்

தடையில் இருக்கிறவள் தன்னுடைய பேச்சுப் பக்கத்தில் மட்டும் எழுதலாம் என்று ஒரு சலுகை. அங்கே மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நடந்ததை எழுதினேன். ஆறு பேரும் நிஜ ஆள்கள், என் சொந்தக்காரர்கள், ஒருவர் எழுபத்தொரு வயதுச் சித்தப்பா, ஆள் திரட்டினது நான், இனி செய்ய மாட்டேன். அந்த ஊர் என் ஊர், அண்ணன் மகனுக்குப் பெண் பார்க்கிறோம், இந்த வரியால் இடம் நிற்கிறது. வெட்டிவேரின் தொனி அன்றைக்கு மாறியது. இங்கே எண்ணிக்கையால் எதுவும் முடிவாகாது, நமக்குச் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இரண்டையும் இப்போது கற்றுக்கொண்டீர்கள் என்றார். கூடவே, காணாமல் போன அந்தச் செய்திப் பக்கத்தின் பழைய பிரதியை எங்கிருந்தோ தோண்டி இணைப்பு கொடுத்தார். தானும் அதை இப்போதுதான் முதல்முறையாகத் திறந்ததாக ஒப்புக்கொண்டார்.

படித்தேன். வறட்சி வருடத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் காலிக் குடத்தோடு நடத்திய சாலை மறியல். செய்தியில் எங்கேயும் பெண் கொடுப்பதில்லை என்று நிருபர் எழுதவில்லை. 'தண்ணி இல்லாத ஊருக்கு எவன் பொண்ணு குடுப்பான்?' என்று ஒரு பெண் ஆவேசமாகக் கேட்டதாகத்தான் இருந்தது. பெண்ணின் பெயர் இல்லை. படம் இருந்தது. முன்வரிசையில் பச்சை பிளாஸ்டிக் குடத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, எங்கள் மதினி.

போன் போட்டேன். "ஆமா, நான்தான் சொன்னேன். அப்பிடிச் சொன்னதாலதான மறுநா காலைல தண்ணி லாரி வந்துச்சு? ரோட்டுல நின்னு கோவத்துல கத்துனத அவிய புஸ்தகத்துல எழுதி வச்சா அதுக்கு நானா பொறுப்பு?"

அண்ணனின் பொன்னாடை

மதினி சொன்னதுதான் சட்டம் போலிருக்கிறது. தடை முடிந்த காலையில், எதையும் தொடாமல், உரையாடல் பக்கத்தில் நான்கே வரி எழுதினேன். ஒருத்தி கோபத்தில் கேட்ட கேள்வி ஊரைப் பற்றிய தகவல் ஆகாது. அடிக்குறிப்பு சொல்லாததை வரி சொல்கிறது. நான் சம்பந்தப்பட்டவள், நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள். கேள்வி கேட்டது யார் என்பதை மட்டும் எழுதவில்லை. அதற்கு என்னிடம் வெளியான சான்று இல்லையே.

இப்போது தண்ணீர் வருகிறது என்பதற்கும் ஒரு சான்று வேண்டும். மதினி குழாயைத் திறந்துவிட்டு வீடியோ எடுத்து அனுப்பினார், செல்லாது என்றேன். கடைசியில் அண்ணன் வீட்டுச் சுவரே கைகொடுத்தது. ஊரில் மேல்நிலைத் தொட்டி திறந்த விழாச் செய்தியை அண்ணன் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். தண்ணீருக்காக அல்ல, அதில் அவர் பொன்னாடையோடு நிற்கிறார். கண்ணாடியைக் கழற்றி, நாளிதழ் பெயர், தேதி, பக்க எண் எல்லாம் பார்த்துச் சொல்லச் சொன்னேன். பொன்னாடை பெரிதாகத் தெரியவேண்டும் என்று தேதியைக் கத்தரித்து எறிந்திருக்கிறார். அதே நாளிதழின் பழைய கட்டுகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் வீட்டு மாடியில் வைத்திருக்கிறார் என்று விசாரித்து, பஸ் ஏறிப் போய், தும்மித் தும்மித் தேடி எடுத்து, தேதியையும் பக்க எண்ணையும் உரையாடல் பக்கத்தில் போட்டேன்.

இரண்டு நாளில் வெட்டிவேர் தானே ஐந்தாவது வரியை மாற்றினார்: 'வறட்சிக் காலத்தில் குடிநீர்த் தட்டுப்பாடு நிலவியது, பின்னர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி அமைக்கப்பட்டது.' அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். "எல்லாஞ் சரி, பொன்னாடையப் பத்தி ஒரு வார்த்த இல்லையே?"

குழாயடியில் போஸ்ட்மாஸ்டர்

புதிய வரியை முருகேசன் அந்தப் பெண்ணுக்கு அனுப்பினான். அவள் அப்பாவிடம் காட்டினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண்ணையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். போஸ்ட்மாஸ்டர் வணக்கம் சொன்னார், உட்காரவில்லை. நேரே முற்றத்துக் குழாயடிக்குப் போனார், திறந்தார், ஒரு குடம் நிறைகிற நேரம் ஓடவிட்டார், ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார். மதினி பச்சைக் குடத்தை எங்கேயோ ஒளித்து வைத்திருந்தார்.

பிறகு போஸ்ட்மாஸ்டர் உட்கார்ந்து போனை எடுத்தார். வரியை மட்டும் அவர் பார்க்கவில்லை. அந்தக் களஞ்சியத்தில் நாம் எழுதுவது, அழிப்பது, சண்டை போடுவது எல்லாம் எல்லோரும் பார்க்கிற மாதிரி அப்படியே இருக்கும் என்பதை நான் மறந்தே போனேன். உரையாடல் பக்கம், என் பேச்சுப் பக்கம், தடை, ஆறு சொந்தக்காரர்கள், சித்தப்பா ஒட்டியது, எல்லாவற்றையும் வரிவரியாகப் படித்திருக்கிறார். 'அண்ணன் மகனுக்குப் பெண் பார்க்கிறோம், இந்த வரியால் இடம் நிற்கிறது' என்ற இடத்தைச் சத்தமாகவே வாசித்தார். முருகேசன் தரையைப் பார்த்தான். முடிந்தது, நாலாவது இடம் தேட வேண்டியதுதான் என்று நான் நினைத்தேன். பெண் மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு பையன் கல்யாணத்துக்காக ஆறு பேரு, எழுபத்தொரு வயசுப் பெரியவரும் சேந்து, கூட்டமா தப்புப் பண்ணிருக்கீங்க. நாளைக்கு எம்மகளுக்கு ஒண்ணுன்னா இதே ஆறு பேரும் வருவீங்கல்ல? அப்ப நாளப் பாருங்க."

வைகாசியில் கல்யாணம், அந்த ஐந்தாவது வரியை முதன்முதலில் எழுதிய ஆளை மட்டும் நான் தேடவில்லை, ஏனென்றால் கணக்குத் திறக்காமல் எழுதியவர் என்பதால் வரலாற்றுப் பக்கத்தில் பெயருக்குப் பதில் வெறும் எண்தான் இருக்கிறது, தோண்டினால் அதுவும் எங்கள் சொந்தக்காரன் யாராவதாகத்தான் இருக்கும்.