சுற்றாமல் அனுப்பிய லோடு

ஆலையில் அவருக்குப் 'பசை' என்று பெயர். ஜெல் பேனா மைக்குக் கோந்து கலக்கும் வேலை. சாப்பாட்டு நேரத்தில் அவர் வந்து உட்கார்ந்தால், "தள்ளி உக்காருங்கப்பா, ஒட்டிக்கப் போறாரு" என்பார்கள். அவரும் சிரித்துவைப்பார்.

தண்ணீர், நிறப்பொடி, கோந்து. காயாமலிருக்க ரீஃபில் குழலின் வாலில் ஒரு சொட்டு மசகு. சும்மா இருந்தால் அந்த மை இறுகி நிற்கும். முனையிலுள்ள குண்டு உருண்டால் இளகி இறங்கும். நடுவில் ஒரு காற்றுக்குமிழ் இருந்துவிட்டால் போச்சு, குழல் நிறைய மை இருந்தும் எழுதாது. அதனால் ரீஃபில்களை முனை வெளியே பார்க்க அடுக்கி, அவர்கள் 'ராட்டினம்' என்று சொல்லும் இயந்திரத்தில் வேகமாகச் சுற்றுவார்கள். மை முனைக்கு ஓடும், காற்று பின்னால் போய்விடும்.

லாரி வாசலில் நின்ற ஒரு நாள் மேலாளர் சொன்னார்: "இந்த லோடைச் சுத்தாமலே அனுப்பு."

"பாதியில நின்னுடும் சார்."

"நின்னா உதறிட்டு எழுதுறாங்க. என்ன, சொத்துப் பத்திரமா எழுதப் போறாங்க?"

பசை தலையாட்டினார். அந்த லோடில் ஒரு பேனா அவர் சட்டைப்பையிலும் ஏறியது.

அந்த மாதமே மனைவி மருத்துவமனையில் படுத்தாள். தொண்டையில் குழாய், பேச்சு இல்லை. ஒரு மாலை விரல்களைக் குவித்து, எழுதுவதுபோல் காட்டினாள். பேனாவைக் கொடுத்து, எழுத ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டார்.

'உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ஏன்' என்று எழுதினாள். அதற்குமேல் மை வரவில்லை. வட்ட வட்டமாகக் கிறுக்கிப் பார்த்தாள்.

"இரு, இரு. காத்து அடைச்சிருக்கு. இப்ப சரி பண்ணிடறேன்."

பக்கத்துக் கட்டிலில் ஒரு பேனா கேட்டிருக்கலாம். பழகிய கைக்கு அது தோன்றவில்லை. கைக்குட்டை நுனியில், முனை வெளியே பார்க்கப் பேனாவைக் கட்டி, வராந்தாவில் நின்று சுற்றினார். தோள் கழன்றுவிடும்போல் சுற்றினார்.

"என்ன பெரியவரே, விளையாடுற இடமா இது?" என்றாள் நர்ஸ். அவள் சட்டைப்பையில் இரண்டு பேனாக்கள் இருந்தன.

"ஆச்சும்மா. இப்ப எழுதும்."

உள்ளே வந்தபோது மனைவியின் கண்கள் செருகியிருந்தன. பிறகு திறக்கவில்லை. விடியுமுன் முடிந்துவிட்டது.

எந்த நாளைக் கேட்டாள்? அவள் அப்படிக் கேட்டிருக்கக்கூடிய நாட்கள் அவருக்கே நிறையத் தெரியும்.

உடலை வாங்கிக்கொள்ளக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். சட்டைப்பையில் அதே பேனாதான் இருந்தது. ஓரிடத்திலும் நிற்காமல், வழுக்கிக்கொண்டு எழுதியது.