மஞ்சளுக்குக் கீழே ஒரு வளையம்

ரொறன்ரோவில் எங்கள் ஊர்ச்சங்க ஒன்றுகூடல். பூங்காப் புல்லில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம். அடுத்த கிழமை என் முழங்காலுக்குப் பின்னால் ஒரு சிவப்பு வளையம் வந்தது. வலியில்லை, அரிப்பில்லை.

"உது படர்தாமரையப்பா, மஞ்சள் பூசினாப் போயிடும்" என்றாள் மனைவி. ஒவ்வொரு நாளும் அரைத்துப் பூசினாள். காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போனபோது டாக்டருக்குத் தெரிந்தது மஞ்சள் கறை மட்டும்தான். வைரஸ் காய்ச்சல் என்று அனுப்பிவிட்டார்.

பிறகு மூட்டுகள் வீங்கின. விரல்கள் மரத்துப்போயின. உண்ணி கடித்து வரும் லைம் நோய் என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு வருடம் போய்விட்டது. மருந்து கொடுத்தார்கள், விரல்களில் உணர்வு திரும்பவில்லை. இப்போது என் சட்டைப் பொத்தானை மனைவிதான் பூட்டிவிடுகிறாள்.

"ஆரம்பத்தில் சிவப்பு வளையம் வந்ததா? அப்போதே தெரிந்திருந்தால் மாத்திரையிலேயே குணமாகியிருக்கும்" என்று ஸ்பெஷலிஸ்ட் ஆங்கிலத்தில் கேட்டார்.

இல்லை என்றேன்.

ஆங்கிலம் புரியாத மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "என்னவாமப்பா?"

"ஒண்டுமில்லை. கொஞ்சம் நடக்கட்டாம்."

அன்று மாலையும் மஞ்சளை நல்லெண்ணெயில் சூடாக்கி என் முழங்காலில் தடவினாள். "சுகமாயிடும் என்னப்பா?"

"ஓம்" என்றேன். சுகமாகாது என்று எனக்குத் தெரியும். எனக்கு மிச்சமிருப்பது அந்தக் கையின் சூடு ஒன்றுதான். அந்த வளையத்தை மஞ்சள் மறைத்ததைச் சொல்லி அதையும் இழக்க எனக்குத் துணிவில்லை.