இப்பில் இப்பில் தின்ற கிடாய்

எட்டு வயதில் எனக்கு ஒரு பதவி கிடைத்தது: ஆட்டுக்குச் சாப்பாடு போடுவது. அதைவிடப் பெரிய பதவி இன்றுவரை வாய்க்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று மாதம் இருக்கையில், அறுத்துக் குர்பான் கொடுக்கவென்று வாப்பா மாவடிப்பள்ளியிலிருந்து மெலிந்த கிடாய் ஒன்றைக் கொண்டுவந்தார். அதைத் தேற்ற வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்கு விவசாயம் படித்துக்கொண்டிருந்த என் அக்கா, ராத்தாதான் எனக்கு ஆலோசகர். பூவரசு ஒரு பங்கு, வரம்புப்புல் இரண்டு பங்கு, கொஞ்சம் தவிடு. கிளிசரியா இலையை மட்டும் வெட்டி, ஒருநாள் வாடவிட்டுத்தான் தருவாள். பச்சை மணம் ஆட்டுக்குப் பிடிக்காதாம். எங்களைவிடச் சத்தாகச் சாப்பிட்ட கிடாய் இரண்டே மாதத்தில் மினுமினுத்தது. ஆனால் ராத்தா கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும். சுமப்பது நான், சலாம் அவளுக்கு.

பெருநாளுக்கு ஒரு மாதம் இருக்க, ராத்தா சாப்பாட்டை மாற்றினாள்.

"இனி இப்பில் இப்பில் இலை மட்டும் குடு புள்ள. அதுலதான் புரதம் கூட."

"அப்ப புல்லு?"

"வேணாம். கொழுக்கோணும்தானே?"

வேலியோர இப்பில் இப்பில் மரத்தை மொட்டையாக்கினேன். பெருநாளுக்கு ஒரு கிழமை இருக்க, கிடாயும் மொட்டையாகத் தொடங்கியது. தடவினால் முடி கொத்தாகக் கையோடு வந்தது.

வாப்பா திகைத்துப்போனார். "சொறி புடிச்ச ஆடு குர்பானுக்கு ஆகாதே! என்னத்தப் புள்ள குடுத்த?"

நான் ஓவென்று அழுதேன். ராத்தா எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நான்தான் வாப்பா சொன்ன. அவளுக்கு ஏசாதீங்க."

சொறியோ இல்லையோ, சந்தேகத்தோடு குர்பான் கொடுக்க வாப்பாவுக்கு மனமில்லை. அந்த முறை பலர் கூடிக் கொடுக்கும் மாட்டில் ஒரு பங்கு சேர்ந்துகொண்டார்.

பெருநாளின் மறுநாளே புல்லும் பூவரசும் திரும்பி வந்தன. கொஞ்ச நாளில் முடியும் வந்தது. குர்பானுக்குத் தப்பிய கிடாய் எங்கள் வேலிகளைத் தின்று பல வருடம் வாழ்ந்தது. இவ்வளவு படித்தவள் இப்படிப் பிழைவிட்டாளே என்று ராத்தாவுக்காக வருந்தினேன். விவசாயத்தில் அவள் அதிவிசேட சித்தியான 'டீ' எடுத்தபோது, புள்ளி போட்டவர் எங்கள் ஆட்டைப் பார்க்காதது நல்லதாகப் போயிற்று என்றே நினைத்தேன்.

போன வருடம் அவளுடைய பழைய விவசாயக் கொப்பி கையில் கிடைத்தது. இப்பில் இப்பில் பக்கத்தில், அளவு மிஞ்சினால் முடி உதிரும் என்ற வரியின் கீழ் பென்சிலால் ஒரு கோடு. நிறுத்தினால் மீண்டும் முளைக்கும் என்ற வரியின் கீழ் இரண்டு.