அண்ணி செய்த கால்

நீச்சலுடை தைக்கிற தொழிற்சாலையை இழுத்து மூடியபோது அவளுக்குக் கையில் இருந்தது தையல் ஒன்றுதான். செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய் நின்றாள். "இதுவும் துணி வேலைதாம்மா. ஆனா தைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் பட்டறைக்காரர்.

துணி என்றால் கார்பன் இழையில் பின்னிய கறுப்புத் துணி. காலுறை மாதிரி குழாயாக இருக்கும். துண்டான காலின் அளவுக்கு வார்த்த சுண்ணாம்பு அச்சின் மேல் ஒரு மெல்லிய உறை. அதன் மேல் இந்தத் துணியை இரண்டு மூன்று அடுக்காக இழுத்து மாட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே இன்னோர் உறையைப் போட்டு அடியில் இறுகக் கட்டி, பம்பு வைத்து உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்ச வேண்டும். உச்சியில் ஊற்றுகிற ரெசின் என்கிற திரவப் பிசின் துணிக்குள் ஊறி இறங்கும். உறை அப்படியே அட்டைப்பூச்சி மாதிரி ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். இறுகியதும் அச்சை உடைத்தெடுத்தால் கறுப்பாக ஒரு கிண்ணம் கிடைக்கும். அதற்குள்தான் காலை நுழைப்பார்கள். பட்டறையில் அதன் பெயர் சாக்கெட்.

ஆரம்பத்தில் கார்பன் இழைத் தூசியின் அரிப்பு உயிரை வாங்கியது. பிறகு கையும் பழகியது, மனசும் பழகியது. யார் யாருக்கோ செய்து கொடுத்தாள். ஆனால் வீட்டுக்குள்ளேயே ஒரு கால் அலமாரிக்கு மேலே தூசி படிந்து கிடந்தது.

அது அவள் கொழுந்தனுடையது. முடிதிருத்துகிறவன். லாரி ஒன்று உரசியதில் இடது முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. வேறெங்கோ வாங்கிய கால் இரண்டே வாரத்தில் புண்ணாக்கிவிட, "இந்தச் சங்காத்தமே வேண்டாம்" என்று தூக்கிப் போட்டுவிட்டான். சக்கர முக்காலியில் உட்கார்ந்தே முடி வெட்டினான். உச்சந்தலை எட்டாது. "முன்னாடி மாப்பிள்ளை, பின்னாடி மைதானம்னு ஆக்கிட்டியேப்பா" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அந்தப் பக்கமே அவர் வரவில்லை.

"தம்பி, அச்சு மட்டும் எடுத்துக்கலாம். கால் மாட்டச் சொல்லி நான் கேக்கவே மாட்டேன்" என்றாள்.

"அண்ணி, பொண்ணு பாக்க வரச் சொல்லிட்டுத் தாலியக் கையில குடுக்கற கதையா இருக்கு."

"உங்களுக்கு யாரு பொண்ணு குடுப்பா? வாங்க பேசாம."

அவள் கணவன் பேப்பருக்குப் பின்னால் சிரித்தான். தம்பி சிரிக்கவில்லை, ஆனால் வந்தான்.

அவனுடைய சாக்கெட்டுக்கு ரெசின் ஊற்றிய அன்றைக்கு உறையைத் தடவித் தடவிப் பார்த்துத்தான் கட்டினாள். பம்பு ஓடியது, அதன் அளவுமானியில் முள் ஏறி நின்றது. ரெசினை ஊற்றி, உறைக்கு மேல் சுற்றிய கயிற்றால் மேலிருந்து கீழே தள்ளித் தள்ளி இறக்கிக்கொண்டிருந்தாள். பாதி தூரம் வந்திருக்கும். முள் மெல்லச் சரிந்தது. கறுப்பின் மேல் கடுகு மாதிரி குமிழ்கள் எழும்பின.

ரெசின் கலந்தாயிற்று, அது இனி யாருக்காகவும் காத்திருக்காது. காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது. குமிழி தங்கினால் அந்த இடம் மேடும் பள்ளமுமாகும், மறுபடியும் புண்ணாகும். இன்னொரு தடவை புண்ணானால் அவன் ஜென்மத்துக்கும் கால் பக்கம் திரும்ப மாட்டான்.

"அந்த ஃபேன நிறுத்துங்க!" என்று கத்தினாள். முதலாளியிடம் இப்படிக் கத்தியதே இல்லை. அவர் மறுபேச்சில்லாமல் ஓடிப்போய் நிறுத்தினார்.

காதை உறைக்கு ஒட்டினாற்போல் வைத்து ஒவ்வோர் இடமாக இறங்கினாள். பம்பு சத்தத்துக்குள்ளே இன்னொரு சத்தம், பல்லிடுக்கில் மூச்சிழுக்கிற மாதிரி. அடியில், கட்டுக்குக் கொஞ்சம் மேலே உறையின் மடிப்பில் ஒரு ஊசித்துளை. கட்டை விரலால் அழுத்தினாள். சத்தம் நின்றது.

"டேப்பு!"

"விரல எடுத்தாத்தானம்மா ஒட்ட முடியும்?"

"எடுத்த உடனே ஒட்டுங்க. எடுக்கிறேன்... இப்போ!"

ஒட்டினார். முள் கொஞ்சம் யோசித்துவிட்டு ஏறத் தொடங்கியது. அவள் கயிற்றை எடுத்து, குமிழ்களைக் குழந்தையின் முதுகை நீவுகிற மாதிரி கீழே நீவிக்கொண்டே போனாள். கடைசிக் குமிழும் அடியில் மறைந்தபோது ரெசின் சூடேற ஆரம்பித்திருந்தது. அப்போதும் அவளுக்கு நம்பிக்கை இல்லை. கெட்டியான பிறகும் பக்கத்திலேயே நின்றாள். "உக்காரும்மா, அது ஓடிப் போகாது" என்றார் பட்டறைக்காரர்.

மறுநாள் சுண்ணாம்பை உடைத்தெடுத்து, உள்பக்கம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாள். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. பட்டறைக்காரரிடம் நீட்டினாள். அவரும் தடவிவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

கொழுந்தன் மாட்டிக்கொண்டான். நடந்தான். "சரியாத்தான் இருக்கு. பாப்போம்" என்றான். முதல் காலுக்கும் இதையேதான் சொல்லியிருந்தான். அதனால் யாரும் சந்தோஷப்படத் துணியவில்லை. வீட்டில் கொஞ்ச நேரம், தெருமுனை வரை கொஞ்ச நேரம் என்று பழகியபின், ஒரு சனிக்கிழமை கடையில் முழு நாளும் நின்று பார்த்துவிடுவது என்று முடிவானது.

அன்று சாயங்காலம் அவன் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அண்ணனும் அண்ணியும் முன்னால் வந்து குந்தினார்கள். காலைக் கழற்றினான். துண்டுக் காலில் மாட்டியிருந்த மெத்து உறையைச் சுருட்டி இறக்கினான். அண்ணன் செல்போன் வெளிச்சத்தை அடித்தான். தோலில் லேசான சிவப்பு. தடவினாள், விரல் பட்டதும் வெளுத்து மறுபடி சிவந்தது. புண் இல்லை. கொப்புளமும் இல்லை.

"வலிக்குதா?"

"வலிக்குது."

அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, வலது காலைத் தட்டிக் காட்டி அவசரமாகச் சொன்னான்: "ஐயோ, இது இல்ல அண்ணி, இந்தக் கால்! ரொம்ப நாளா உக்காந்தே கெடந்துதுல்ல, சோம்பேறிக் கழுதை, கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கில் நின்றன. கணவன் அடுப்படிக்குப் போய், தைலப் புட்டியையும் மூன்று பேருக்கு டீயையும் கொண்டு வந்தான்.

"தேய்ச்சு விடட்டா?" என்றான் தம்பியிடம்.

"நீ தேய்ச்சா இதுவும் போயிரும். அங்க வை."

அவளுக்கு அன்று பசித்தது. பல நாளாக ஏனோதானோவென்று கொறித்துக்கொண்டிருந்தவள், தட்டு நிறையப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டாள்.