அப்பா ஓட்டை போட்ட டின்கள்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், விரி என்ற பகுதியில் நான் வேலை பார்க்கும் கிடங்கில், கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஏழைக் குடும்பங்களுக்காக டின் உணவு சேர்ப்பது வழக்கம். போன வருஷம் அந்தப் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இந்த மாதிரி காரியங்களில் முன்னால் நிற்க எனக்குப் பிடிக்கும். பீச், பீன்ஸ், மீன், தேங்காய்ப்பால் என்று எல்லாரும் கொடுத்ததைப் பெட்டி பெட்டியாக என் வீட்டு கராஜில் அடுக்கியிருந்தேன். கொடுக்கிற நாளன்று காலையில் வேனில் ஏற்றும்போதே அட்டை பிசுபிசுத்தது. அவசரத்தில் கவனிக்கவில்லை. மேலாளரும் மற்றவர்களும் போட்டோவுக்கு நிற்க, முதல் பெட்டியை நான் தூக்கினேன். அடி பிய்ந்து பீச் சாறும் மீன் எண்ணெயும் மேலாளரின் ஷூ மேல் கொட்டின. நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஒவ்வொரு டின்னின் மூடியிலும் ஆணியால் குத்திய இரண்டு ஓட்டைகள் இருந்தன.

யார் வேலை என்று உடனே தெரிந்துவிட்டது. பகலில் எங்கள் வீட்டில் அப்பாவைத் தவிர யாரும் இருப்பதில்லை.

ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அம்மா இறந்த பிறகு அவரை மலேசியாவிலிருந்து ஆக்லாந்துக்கு அழைத்து வந்தோம். எண்பதை நெருங்குகிறார். கொஞ்ச காலமாக அடுப்பை அணைக்க மறந்துவிடுவார். என்னைத் தன் தம்பி என்று நினைத்துக் கூப்பிடுவார். முதியோர் இல்லம் பார்க்கலாம் என்று நான் மனைவியை அரித்துக்கொண்டிருந்தேன். அவள் சம்மதிக்கவில்லை. இப்போது அவளிடம் காட்ட எனக்கு நல்ல சாட்சி கிடைத்துவிட்டது. சொல்லவே கூசுகிறது, வீட்டுக்கு வண்டி ஓட்டி வரும்போது என் கோபத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது.

மிச்சப் பெட்டிகளை வாசலில் இறக்கிப் போட்டேன். அப்பா படியில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

"என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க? எல்லார் முன்னாடியும் என் மானமே போச்சு! உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று ஆரம்பித்து வாய்க்கு வந்தபடி கத்தினேன். "அடுத்த வாரமே கொண்டுபோய் ஹோம்ல விட்டுர்றேன். அங்கே யாரு உங்க கூத்தெல்லாம் பாக்குறாங்கன்னு பாப்போம்."

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிப் பக்கம் வந்தார். அவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தொண்ணூறை எட்டப்போகும் மாவோரிப் பூர்வகுடிக்காரர், தனியாக இருக்கிறார். மலாயா வெள்ளைக்காரன் கையில் இருந்த காலத்தில், காட்டுக்குள்ளிருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்க நியூசிலாந்திலிருந்து போன படையில் இருந்தவர். இது தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஊரைக் காப்பாற்றிய வீரர் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்! போரில் இறந்தவர்களை நினைக்கும் ஆன்சாக் நாள் அன்று விடியற்காலையில் இரண்டு பேரையும் நான்தான் காரில் கூட்டிப்போனேன். அப்பா சட்டையில் சிவப்புப் பூவைக் குத்திவிட்டேன். மெடல் அணிந்த கூட்டத்துக்கு நடுவில் அவரை நிற்க வைத்துப் படம் எடுத்து, 'நம்மைக் காத்தவரோடு அப்பா' என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். படத்தில் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். குளிராக்கும் என்று நினைத்தேன்.

அந்தப் பெரியவர் வாசலுக்கு வந்து ஒரு டின்னை எடுத்தார். ஓட்டைகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"யார் செய்தது?" என்று கேட்டார்.

"அப்பாதான். மூளை குழம்பிவிட்டது" என்றேன்.

"குழப்பமில்லை. அன்று மலாயாவில் இதுதான் சட்டம்" என்றார்.

காட்டில் இருப்பவர்களுக்குத் தோட்டத்து ஜனங்கள்தான் ரகசியமாகச் சாப்பாடு கொடுக்கிறார்கள் என்று அதிகாரிகள் நினைத்தார்களாம். அதனால் அரிசியை அளந்து கொடுத்தார்கள். டின்னை விற்கும்போதே கடைக்காரர் ஓட்டை போட வேண்டும். ஓட்டை விழுந்தால் கெட்டுவிடும், காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்து வைக்க முடியாது. முழு டின் வைத்திருப்பது குற்றம். "பட்டாளம் என்றதும் துப்பாக்கிச் சண்டை என்று நினைப்பாய். காட்டில் நான் யாரையும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தோட்டத்து வாசலில் நின்று, வேலைக்குப் போகும் பெண்களின் தூக்குச்சட்டிகளைத்தான் கிளறினேன். குழந்தைகள் பார்த்துக்கொண்டு நிற்கும்" என்றார். இத்தனை வருஷம் பழகியும் இதை அவர் சொன்னதில்லை. என்னைப் பார்க்காமலே சொன்னார்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பள்ளிக்கூடத்துச் சரித்திரப் பாடத்தில் உணவுக் கட்டுப்பாடு என்று ஒரு வரி படித்திருக்கிறேன். மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். அந்த வரிக்குள் என் அப்பா இருந்தாரா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

பெரியவர் அப்பாவின் முன்னால் போய்த் தொப்பியைக் கழற்றினார். ஞாபகத்திலிருந்த மலாய் மொழியில் தட்டுத்தடுமாறி மன்னிப்புக் கேட்டார். அப்பா சட்டென்று எழுந்து நின்றார். "துவான்" என்றார். தோட்டத்தில் துரைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அப்பா, ஏம்ப்பா இப்படிச் செஞ்சீங்க?" என்று இப்போதுதான் கத்தாமல் கேட்டேன்.

அவர் என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என் தம்பிக்குக் காய்ச்சல்னு எங்கப்பா ஒரு பால் டின்னை ஓட்டை போடாம ஒளிச்சு வச்சிருந்தாருப்பா. நாங்க குடியிருந்த லயத்து வீட்டைச் சோதிக்க வந்த பட்டாளத்துக்காரங்க கையில சிக்கிருச்சு. அவரை லாரியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. கப்பல்ல இந்தியாவுக்கு அனுப்பிட்டதா அப்புறம் சொன்னாங்க. வரவே இல்ல."

என் தாத்தா நோயில் இறந்தார் என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன்.

"நீ பெட்டி பெட்டியா முழுசா அடுக்கி வச்சிருந்தியே. பாத்தா உன்னையத்தானே கூட்டிட்டுப் போவாங்க? பட்டாளத்துக்காரங்க பக்கத்து வீட்டுலயே இருக்காங்க. எனக்குத் தூக்கமே இல்லப்பா."

பெரியவருக்குத் தமிழ் தெரியாது. கண்ணில் நீரோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

உள்ளபடி சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. "உங்களை உள்ளே வந்து டீ குடிக்கச் சொல்கிறார்" என்றேன். அவர் முகம் தெளிந்தது. என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தார். நான் டீ போட்டுக் கொண்டுவந்தேன். அப்பா சுவரோரமாகக் கைகட்டி நின்றார். "உட்காருங்கப்பா, உட்காருங்க" என்று எத்தனையோ தடவை சொன்னேன். பெரியவர் எழுந்து போகும் வரை அப்பா உட்காரவில்லை.