தங்கச்சி சொல்லாமல் விட்ட பாதி

கொழும்பில் அந்த இருதய வைத்தியர் என்னோடு வெகுநேரம் கதைத்தார். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. அவர் கதைத்தது சிங்களம். யாழ்ப்பாணத்துப் பக்கம் அரியாலையில் வீட்டோடு மெஷினை வைத்துச் சட்டை தைப்பவளுக்கு அது தேவைப்பட்டதில்லை. பக்கத்தில் என் தங்கச்சி இருந்தாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து கொழும்பில் இருப்பவள், சிங்களம் நன்றாகக் கதைப்பாள்.

எனக்கு ஏட்ரியல் பிப்ரிலேசன் என்ற வருத்தம். இருதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்க, கீழறைகளும் அதன் பின்னால் கண்டபடி ஓடும். துணி வெட்டிக்கொண்டிருக்கும்போதே மூச்சு இழுக்கும். யாழ்ப்பாணத்தில் தந்த குளிசைகளுக்கு அது அடங்கவில்லை. தங்கச்சி ஊருக்கு வந்திருந்த ஒருநாள், கிணற்றடியில் நான் விழுந்து கிடந்ததைக் கண்டவள் அவள்தான். "இனி உங்களை இஞ்சை விடமாட்டன்" என்று கையோடு கூட்டிப்போய்விட்டாள்.

வைத்தியர் ஒரு தாளில் இருதயத்தைக் கீறினார். அதன் நடுவில் ஒரு புள்ளி வைத்து, பேனையால் அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கினார். பிறகு என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"என்னவாம்?"

"நெஞ்சுக்குள்ளை பேஸ்மேக்கர் வைக்கப்போகினமாம், அக்கா. சின்னப் பெட்டி. பிறகு வருத்தம் மாறிடும். சம்மதமோ எண்டு கேக்கிறார்."

"உவ்வளவு நேரம் கதைச்சவர். இவ்வளவுதானோ?"

"டொக்டர்மார் ஒண்டையே சுத்திச் சுத்திச் சொல்லுவினம்" என்று சிரித்தாள்.

அந்தப் புள்ளியைப் பற்றிக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒளிவுமறைவு இருந்ததில்லை. அவளுடைய முதற்பிள்ளை வயிற்றில் தங்காமல் போனதைப் புருசனுக்குச் சொல்லமுதல் எனக்குத்தான் சொன்னாள். "ஓம்" என்றேன்.

முதலில் பெட்டியை வைத்தார்கள். சில கிழமைகள் கழித்து மறுபடி கூட்டிப்போய், தொடை வழியாக வயர் விட்டு என்னவோ செய்தார்கள். "பெட்டி சரியா வேலை செய்யுதோ எண்டு பாக்கினம்" என்றாள் தங்கச்சி. அதையும் நம்பினேன்.

பிறகு வந்த மாதங்கள் நல்ல மாதங்கள். மூச்சு இழுக்கவில்லை. தொண்டைமானாற்றுக்குப் போய்ச் சந்நிதியான் கோயிலில் பொங்கினேன். கண்டவர்களுக்கெல்லாம் வருத்தம் மாறிவிட்டது என்று சொன்னேன். பல் தீட்டினால் முரசில் இரத்தம் வந்ததால், இரத்தம் உறையாமல் இருக்கத் தந்த குளிசையை நானாகவே நிறுத்தினேன். மாறின வருத்தத்துக்கு ஏன் குளிசை?

அடுத்த பரிசோதனை யாழ்ப்பாணத்தில். வைத்தியர் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை. நெஞ்சின்மேல் ஒரு கருவியை வைத்துத் திரையைப் பார்த்தா.

"அம்மா, பெட்டியின்ரை வேகத்தைக் கொஞ்சம் குறைச்சுப் பாக்கப்போறன். தலை சுத்தினா உடனை சொல்லுங்கோ."

சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கைகால் குளிர்ந்து கண் இருண்டது.

"பயப்பிடாதேங்கோ, கூட்டிட்டன். உங்கடை சொந்தத் துடிப்பு இல்லாதபடியாத்தான் அப்பிடி. பாதையை எரிச்சிருக்கினம்தானே."

"என்ன பாதை?"

அவ என்னைப் பார்த்தா. பிறகு கதிரையை என் பக்கம் திருப்பிப்போட்டு ஆறுதலாகச் சொன்னா. "மேலறை இப்பவும் நடுங்கிக்கொண்டுதான் இருக்கு, அம்மா. அந்தக் குழப்பம் கீழை இறங்காமல் இருக்க, தொடையாலை விட்ட வயராலை நடுவிலை இருந்த பாதையை எரிச்சவை. இப்ப கீழறையை அடிக்க வைக்கிறது பெட்டி. குளிசைக்கு அடங்காத உங்களுக்கு அது நல்ல வைத்தியம்தான்."

"பாதையைத் திரும்பத் திறக்கேலாதோ?"

"ஏலாது."

குளிசையை நிறுத்தினதைச் சொன்னபோது அவவின் முகம் மாறியது. "மேலறையிலை இரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போனா கைகால் விழுந்து பாரிசவாதம் வரும். இண்டைக்கே தொடங்கோணும். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"சொன்னவை. எனக்குத் தெரியாத பாசையிலை."

வெளியில் மர வாங்கில் உட்கார்ந்து தங்கச்சிக்கு ஃபோன் எடுத்தேன்.

"எரிச்சது உனக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"வருத்தம் மாறாதெண்டும்?"

"சொல்லியிருந்தா ஓமெண்டிருப்பீங்களோ, அக்கா? கடைசிவரைக்கும் ஒரு பெட்டியை நம்பி இருக்கமாட்டன் எண்டிருப்பீங்கள். கிணத்தடியிலை உங்களைத் தூக்கினது நான். எனக்கு வேறை வழி தெரியேல்லை."

அது உண்மை. நான் மறுத்திருப்பேன். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்னை வேறு எவரும் அவ்வளவு அறிந்ததில்லை. அறிந்ததை வைத்தே என்னை ஏமாற்றினாள்.

"மறுக்கிறதுக்கு எனக்கு ஒரு வாய் இருந்தது. அதை நீ எடுத்துப்போட்டாய்" என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

அடுத்த கிழமை பஸ் ஏறி வந்தாள். முகம் வீங்கியிருந்தது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். பெட்டியின் பற்றரி முடிந்தால் மாற்றவேண்டும் என்று டொக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"அப்பவும் நான் வாறன், அக்கா."

"வா. ஆனா டொக்டரின்ரை அறைக்கு வெளியிலை இரு."

அவள் அழுதாள். நான் தேற்றவில்லை.

குளிசையை இப்போது தவறாமல் போடுகிறேன். பாரிசவாதம் வரவில்லை, நெஞ்சு ஒழுங்காக அடிக்கிறது. தங்கச்சி அடிக்கடி ஃபோன் எடுப்பாள். சாப்பிட்டீங்களோ, நடக்கிறீங்களோ என்று கேட்பாள். பதில் சொல்வேன். தன் வீட்டுப் புதினங்களை அவள் சொல்லி முடித்த பிறகும், சொல்லாமல் விட்டது ஏதும் இருக்குமோ என்று கொஞ்சநேரம் ஃபோனைக் காதிலேயே வைத்திருப்பேன்.